செல்லாக்காசின் எடை

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு அந்த ஸ்டேஷனில் ரயில் கிடையாது. இரண்டரை வண்டி போயிருக்கும், நாலேகால் வண்டி எங்கேயோ வந்துகொண்டிருக்கும். நடுவில் கிடைக்கிற அந்த நேரத்தில் பிளாட்பாரம் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும். கூரைத் தகரத்தின் ஓட்டை வழியாக விழுகிற வெயில் ஒரு பெஞ்சிலிருந்து இறங்கி அடுத்த பெஞ்சில் ஏற ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அதற்கு என்ன அவசரம்!

எடைக்காரர் அந்த நேரத்தைத்தான் மனைவிக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார். அந்த லைனில் ஒன்பது ஸ்டேஷன், ஒன்பது எடை மெஷின். அத்தனைக்கும் எண்ணெய் விடுவது, பல்பு மாற்றுவது, சீட்டுக் கட்டை அடுக்குவது, பெட்டியைத் திறந்து காசை அள்ளுவது எல்லாம் அவர் வேலை. ஊரில் யார் எத்தனை கிலோ என்பது அவருக்கு அத்துபடி. ஆனால் ஒருத்தரைப் பற்றி இன்னொருத்தரிடம் வாய் திறந்ததில்லை. டாக்டர்களுக்கு வேண்டிய குணம் எடைக்காரருக்கு வாய்த்திருந்தது.

மெஷின் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். நெற்றியில் ஒரு கண்ணாடி வட்டம், அதற்குள் சிவப்பும் மஞ்சளுமாக விளக்குகள் சுற்றும். மேடையில் ஏறி நின்று ஒரு சின்னக்காசைப் போட்டால், உள்ளே ஏதோ முனகும், கொஞ்ச நேரம் யோசிக்கும், பிறகு டக்கென்று ஓர் அட்டைச் சீட்டைத் துப்பும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் ஒரு வரி ஜோசியம். சின்னக்காசு என்பது நாட்டிலேயே மதிப்புக் குறைந்த காசு, அதற்குக் கீழே ஒன்றும் கிடையாது. அதைவிடப் பெரிய காசைப் போட்டுப் பாருங்கள், மெஷின் இருமித் திருப்பித் தந்துவிடும். பெரிய மனிதர்களை அதற்குப் பழக்கமில்லை.

மனைவி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறுவாள். எடை பார்க்க வரும்போது எப்போதும் அதே பச்சைப் பாவாடை. உடுப்பு மாறினால் எடை மாறிப்போகும் என்பது அவள் கட்சி. விளக்குகள் அவள் முகத்தில் சிவப்பாகவும் மஞ்சளாகவும் ஓடும்போது எடைக்காரருக்கு அவளைக் கல்யாணத்துக்குமுன் பார்த்தது போல இருக்கும். முப்பது வருஷம் காணாமல் போய்விடும்.

அவளுக்கு வயிற்றில் கோளாறு. ஆறு மணி நேரம் ரயிலில் போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். அந்த டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு ஒரே ஒரு விஷயத்தைத்தான் அழுத்திச் சொன்னார். “வாராவாரம் எடை பாருங்க. ஏறிட்டே வந்தா மாத்திரை வேலை செய்யுதுன்னு அர்த்தம், மூணு மாசம் கழிச்சு வந்தாப் போதும். ஏறலைன்னா ஒரு நாள்கூடக் காத்திருக்காதீங்க. உடனே கிளம்பி வாங்க, ஆபரேஷன் பண்ணிடலாம்.”

முதல் செவ்வாய் நாற்பத்து மூன்று. இரண்டாவது செவ்வாய் நாற்பத்திரண்டரை.

அந்தச் சீட்டை அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், ஏதோ ஜோசியப் பக்கத்தில் எடையைத் திருத்தி எழுதியிருப்பார்கள் என்பது போல. அன்று சாப்பாட்டை அளைந்துவிட்டு எழுந்துகொண்டாள். எடைக்காரரும் தட்டைத் தள்ளி வைத்தார். மறுநாள் காலையில் மெஷினின் முதுகைத் திறந்து, ஜீரோ ஸ்க்ரூ என்று அவர்கள் சொல்கிற குட்டித் திருகை அரைச் சுற்று முறுக்கினார். அரைச் சுற்றுக்கு அரைக் கிலோ. ஒரே ஒரு வாரம், அவள் மனசு தேறட்டும், சாப்பிடட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தப்பு செய்கிறவர்கள் எல்லோரும் இந்த ‘ஒரே ஒரு’வில்தான் ஆரம்பிக்கிறார்கள்.

மூன்றாவது செவ்வாய் வந்த சீட்டை அவரே இரண்டு தடவை படித்தார். நாற்பத்து மூன்றரை! அரைக் கிலோ அவர் கொடுத்தது. இன்னோர் அரைக் கிலோ? அது மெஷின் பொய் இல்லை, அவளே சம்பாதித்தது. பிளாட்பாரம் முழுக்க ஒரு தடவை ஓடி வர வேண்டும்போல இருந்தது அவருக்கு. வயசை நினைத்து அடக்கிக்கொண்டார்.

அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை. திருகைத் திரும்பக் கழற்றினால் எடை இறங்கிவிட்டதாகக் காட்டும். ஒரு வாரம் எடை ஏறாமல் நின்றால் அவள் முகம் வாடும். இன்னோர் அரைச் சுற்று, பிறகு இன்னொன்று, பிறகு இன்னொன்று என்று நாலு தடவை ஆயிற்று. மொத்தம் இரண்டு கிலோ. பத்தாவது வாரம் சீட்டு நாற்பத்தாறு என்றது. மூன்று கிலோ கூடியிருக்கிறது, அதில் இரண்டு நம்முடையது, ஒன்று நிஜம். அந்த ஒரு கிலோவை வைத்துக்கொண்டுதான் எடைக்காரர் தூங்கினார், எழுந்தார், சிரித்தார்.

அவளும் மாறித்தான் போனாள். பாட்டு முணுமுணுத்தாள். விட்டுவிட்ட பொத்தான் வேலையை மறுபடி எடுத்தாள். மூலைச் சலவைக் கடைக்கு வருகிற சட்டைகளில் பொத்தான் விழுந்திருந்தால் தைத்துக் கொடுப்பது அவள் தொழில், ஒரு பொத்தானுக்கு ஒரு சின்னக்காசு. வருஷக்கணக்காக அந்தக் காசுகளை ஒரு பால்பவுடர் டப்பாவில் போட்டு வந்தாள்.

நடுவில் ஊருக்குத்தான் கஷ்டம். ஊரே இரண்டு கிலோ கனத்துவிட்டது. டிக்கெட் கவுன்ட்டரில் உட்காருகிற அம்மா டீயில் சர்க்கரையை விட்டாள். அப்புறம் டீயையே விட்டாள்.

“எடைக்காரரே, காத்தக் குடிச்சாலும் எனக்கு ஏறுதே, இது என்ன உடம்பு?” என்று அழாத குறையாகக் கேட்டாள்.

“மழைக்காலம் வருதுல்லம்மா. காத்துலயே ஈரம்” என்றார் அவர். முதல் முறையாக ஒருத்தரின் எடையைப் பற்றி வாய் திறந்தார், அதுவும் பொய். தலையைக் குனிந்துகொண்டு பல்பு துடைக்கப் போய்விட்டார்.

அப்போதுதான் அந்த நோட்டீஸ் வந்தது. டிக்கெட் கவுன்ட்டர் கண்ணாடியில் ஒட்டியிருந்தார்கள். இந்த மாதம் முப்பதாம் தேதிக்குப் பிறகு சின்னக்காசு செல்லாது, கையில் உள்ளதை வங்கியில் கொடுத்து மாற்றிக்கொள்ளவும்.

யாரும் பெரிதாக வருத்தப்படவில்லை. கடைக்காரர்கள் விலையைச் சத்தமில்லாமல் மேல்பக்கமாக உருட்டிவிட்டார்கள். ஆனால் சின்னக்காசு எங்கெங்கே ஒளிந்திருந்தது என்பது அந்த மாதம்தான் தெரிந்தது. ஆடுகிற மேசைக்கால் அடியில், அடைபட்ட சன்னல் இடுக்கில், பழைய கோட்டின் கிழிந்த பைக்குள், செத்துப்போன கணவனின் ஷூவில். எடுத்த காசை வங்கிக்குக் கொண்டுபோய் வரிசையில் நிற்கச் சோம்பல். அத்தனை பேரும் எடை மெஷினுக்கு வந்தார்கள்.

அந்த நாட்களை நினைத்தால் எடைக்காரருக்கு இப்போதும் கனவா நிஜமா என்று சந்தேகம் வரும். மதியமெல்லாம் பிளாட்பாரத்தில் வரிசை நின்றது, ஒருத்தரும் ரயிலுக்கு இல்லை. விளக்குகள் நிற்காமல் சுற்றின. மனிதர்கள் ஏறினார்கள், இறங்கினார்கள், சீட்டைப் படித்துக்கொண்டே மெதுவாக நடந்தார்கள். தண்டவாளத்தில் காற்று அட்டைச் சீட்டுகளைத் தள்ளிக்கொண்டு போயிற்று. ‘தூரத்திலிருந்து நல்ல செய்தி’, ‘வாக்கில் கவனம் தேவை’ என்று ஜோசியங்கள் சிலிப்பர் கட்டைகளுக்கு நடுவில் மல்லாந்து கிடந்தன. நாலேகால் வண்டி வந்தபோது அதிலிருந்து இறங்கியவர்களும் ஏன் எதற்கு என்று கேட்காமல் வரிசையில் போய் நின்றுகொண்டார்கள்.

கம்பெனியிலிருந்து இரண்டே வரியில் கடிதம் வந்தது. காசு போடும் வாயை மாற்றுகிற செலவு மெஷின் விலையைவிட அதிகம். ஒன்றாம் தேதி லாரி வரும், ஒன்பதையும் ஏற்றிவிடவும்.

கடிதத்தை அவர் படித்துக் காட்டியபோது மனைவி ஒரு சட்டைக் கையை மடியில் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப இனிமே நாம மூணு பேரும் செல்லாக்காசு. நீங்க, நானு, மெஷின்.”

“நீ செல்லாக்காசு இல்ல. அதுல ஒரு காலை எடுத்துடு. செல்லக்காசு.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “பாத்தீங்களா, ஒரு கால ஒடிச்சாத்தான் உங்களுக்குச் செல்லமாத் தெரியுது.”

இரண்டு பேரும் நெடுநேரம் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் நடுவில் சொல்லியிருக்கலாம். திருகைப் பற்றிச் சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. எடைக்காரர் சிரிப்பு கெட்டுவிடுமே என்று விட்டுவிட்டார்.

கடைசிச் செவ்வாயும் சீட்டு நாற்பத்தாறு என்றது. அவள் மெஷினின் இரும்புத் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு இறங்கினாள்.

“மூணு மாசம் முடிய இன்னும் ரெண்டு வாரந்தான். நான் நினைக்கிறேன், டாக்டர்கிட்ட போகவே வேணாம். அவ்வளவு தூரம் போய், நல்லா இருக்கேன்னு சொல்றதுக்கா? கோடை போகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்.”

“போகலாம்மா. போய்ட்டு வந்துடலாம்” என்றார் அவர். குரலில் பலமில்லை.

“சீட்டு சொல்லுது, நீங்க என்ன?” என்று அவள் முன்னால் நடந்தாள். பாவாடை துளிக்கூட ஆடாமல் நேராகத் தொங்கிக்கொண்டு அவளோடு போயிற்று.

முப்பதாம் தேதி காலை அவள் அவரிடம் ஒரு துணிப்பையைக் கொடுத்தாள். “பொத்தான் காசு. இன்னைக்கு விட்டா குப்பைதான். மாத்திட்டு வந்துடுங்க.” பை கனத்தது. அவர் கை பழக்கதோஷத்தில் ஒரு முறை தூக்கிப் பார்த்தது. ஒன்றரை இருக்கும்.

வங்கியில் வரிசை வாசல்வரை இருந்தது. உள்ளே மின்விசிறிகள் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தன. கடைசி நாள் கூட்டத்தை எண்ணிக்கொண்டிருக்க முடியாது என்று சின்னக்காசை எடை போட்டே வாங்கினார்கள். தன் வேலையை வேறொருத்தர் செய்வதை வேடிக்கை பார்ப்பதில் எடைக்காரருக்கு ஒரு சுகம் இருந்தது. முறை வந்ததும் பையைக் கவுன்ட்டரில் வைத்தார்.

கவுன்ட்டர் பெண் பைக்குள் கை விட்டு இழுத்தாள். காசு வரவில்லை. நீளமாக ஒரு பச்சைத் துணிப்பட்டை வந்தது, வந்துகொண்டே இருந்தது.

“என்ன சார் இது, மாலையா? ஒவ்வொரு காசையும் தனித்தனியாத் தெச்சு வெச்சிருக்கீங்க?”

நகத்தை விட மெல்லிய தையல். பக்கத்துக் காசோடு உரசிச் சத்தம் போடாதபடி ஒவ்வொரு காசுக்கும் ஓர் அறை. பொத்தான் தைக்கிற கை. அந்தப் பட்டை, அவளுடைய பச்சைப் பாவாடையின் உள்மடிப்பு.

பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அந்தப் பெண் கத்தரிக்கோல் எடுத்து வெட்டி வெட்டிக் காசுகளைத் தட்டில் உதிர்த்தாள். முள் ஏறிற்று, தயங்கிற்று, நின்றது.

“ஒண்ணரைக் கிலோ சார். முந்நூறு காசு.”

எடைக்காரருக்கு வங்கியின் சத்தமெல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பது போல ஆயிற்று. மனசு தன் பாட்டுக்குக் கழித்துக்கொண்டிருந்தது, அவர் வேண்டாம் என்றாலும் அது நிற்காது, அது அதன் தொழில். நாற்பத்தாறில் இரண்டு போனால் நாற்பத்து நாலு. அதிலிருந்து ஒன்றரை போனால் நாற்பத்திரண்டரை. ஏறவே இல்லை. ஒரு வாரம்கூட ஏறவில்லை. அவர் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கிய அந்த ஒரு கிலோ, தட்டில் சில்லறையாகக் கிடந்தது.

“சார், பணம் சார்!” என்று அந்தப் பெண் கூப்பிட்டபோது அவர் வாசலில் இருந்தார். திரும்பிப் போய் வாங்கிக்கொண்டார். “அந்தத் துணியையும் குடும்மா” என்றார்.

வீட்டுக்குப் போகிற வழி நீளமாக இருந்தது. தெருவில் எல்லோரும் காற்றில் கால் வைத்து நடப்பது போல ஒரு மயக்கம். முதலில் அவள்மேல் கோபம் வந்தது, பைத்தியக்காரி, இப்படியா ஏமாற்றுவாள் என்று. அடுத்த தெரு முனைக்குள் அந்தக் கோபம் திரும்பி அவரையே பார்த்தது. அவள் டாக்டரிடம் போகவேண்டாம் என்றது எதை நம்பி? அவர் திருகிய இரண்டு கிலோவை நம்பி. பத்து வாரம். ஒரு நாள்கூடக் காத்திருக்காதீங்க என்றாரே அந்த மனிதர்.

அவள் சன்னலோரம் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். அவர் பணத்தையும் துணிப்பட்டையையும் மேசையில் வைத்தார். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“அச்சச்சோ, அப்படியே குடுத்துட்டனா? பிரிச்சுப் போடணும்னு நெனச்சேன், மறந்துட்டேன்.” பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கெஞ்சலாகச் சொன்னாள். “கோச்சுக்காதீங்க. அதான் இப்பத் தேவையில்லன்னு எடுத்துட்டேனே. அது போகவே நானா ஒண்ணரைக் கிலோ ஏறியிருக்கேன். நாப்பத்து மூணுல ஆரம்பிச்சு நாப்பத்து நாலரை. நிஜமாவே.”

“நான் ஸ்க்ரூவத் திருப்பி வெச்சேன்” என்றார் அவர்.

“எந்த ஸ்க்ரூ?”

“ஜீரோ ஸ்க்ரூ. மெஷின் பின்னால.”

ஊசி அவள் கையிலேயே இருந்தது. “எவ்வளவு?”

“ரெண்டு கிலோ.”

அவள் விரல்களை மடக்கினாள். ஒரு தடவை போதவில்லை, மறுபடி மடக்கினாள். கீழே தெருவில் யாரோ சைக்கிள் மணியை விடாமல் அடித்துக்கொண்டு போனார்கள்.

“அப்ப நாம ரெண்டு பேரும் சேந்து, இல்லாத ஒருத்திய வளத்திருக்கோம்” என்றாள்.

“நீ ஏம்மா இப்படிப் பண்ணே?”

“ரெண்டாவது வாரம் சீட்ட வாங்கினீங்களே, அப்ப உங்க முகம். அத இன்னொரு தடவ என்னால பாக்க முடியாது. அதான். நான் செத்துக்கூடப் போவேன், அந்த முகத்தப் பாக்க மாட்டேன்.” சொல்லச் சொல்லக் குரல் ஏறிற்று. “ஆனா நான் ஏமாத்தினது உங்களத்தான். மாத்திரய ஒழுங்கா முழுங்கினேன், எடைய மட்டும் உங்களுக்காகத் திருடினேன். நீங்க ஏமாத்தினது என் உடம்ப. என்கிட்டயே. ரெண்டும் ஒண்ணா?”

“இல்ல.”

“ஒண்ணா சொல்லுங்க!”

“இல்லம்மா. ஒண்ணு இல்ல.” அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒன்பது ஸ்டேஷனின் எடையைச் சுமந்த மனிதர் சின்னப் பையனைப் போலத் தேம்பினார். அவளுக்குக் கோபம் தீரவில்லை, ஆனாலும் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தோள் தோளில் படுகிற தூரத்தில், தொடாமல். வெயில் சன்னலிலிருந்து இறங்கி அவர்கள் மடிமேல் வந்து கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போயிற்று.

“காலைல முதல் வண்டி எப்போ?” என்று கடைசியில் அவள் கேட்டாள்.

“ஆறே கால்.”

“லாரி வருமே உங்களுக்கு?”

“வரட்டும். சாவிய டிக்கெட்டம்மாகிட்ட குடுத்துட்டு வரேன். அப்படியே அவங்க மறுபடி டீ குடிக்கலாம்னும் சொல்லணும்.”

அவள் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் இரண்டு பேரையும் நிற்க வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார். பத்து வாரத்தை வீணாக்கிவிட்டீர்கள், படித்துப் படித்துச் சொன்னேனே என்றார். இரண்டு பேரும் தலையாட்டினார்கள். பிறகு ஒரு நர்ஸ் அவளை நடைக் கோடியில் இருந்த அறைக்குக் கூட்டிப் போனாள். அங்கே ஒரு பழைய தராசு மெஷின் இருந்தது, கம்பிமேல் குண்டைக் கையால் நகர்த்துகிற வகை. அதில் விளக்கு இல்லை, ஜோசியம் இல்லை, காசு போட வாயும் இல்லை.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். ஆஸ்பத்திரி கொடுத்த வெள்ளை அங்கி. ஓரமெல்லாம் காற்றில் படபடத்தது, கனமே இல்லாமல். நர்ஸ் குண்டை நகர்த்தினாள், கொஞ்சம் பின்னுக்கு இழுத்தாள், இன்னும் கொஞ்சம் இழுத்தாள். கம்பி மெல்ல ஆடி நேரானது.

அவள் கம்பியைப் பார்க்கவில்லை. கதவோரம் நின்ற அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நாப்பத்திரண்டு” என்றாள் நர்ஸ்.

போட்டு வைத்த கணக்கைவிட அரைக் கிலோ குறைவு. எடைக்காரருக்குக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்போல இருந்தது, சன்னல் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும்போல இருந்தது, கூசாமல் ஒரு பொய் சொல்ல வேண்டும்போலவும் இருந்தது. அவர் ஒன்றும் செய்யவில்லை. உள்ளே இருந்த பயமெல்லாம் முகத்துக்கு வர, வருகிறபடி வரட்டும் என்று விட்டுவிட்டு, அவளை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவளும் பார்வையை எடுக்கவில்லை.

“எழுதிக்கோங்க சிஸ்டர்” என்றாள்.